இரண்டு கடைக்கு ஒரு கூட்டம்

எங்கள் பக்கத்தில் வீடு வாசல் எல்லாம் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை என்கிறவர் ஒரு சூட்கேசும் உடுக்க நாலு சாரமுமாக வந்து சேருகிறவர். எங்கள் வாப்பா முஹம்மது தம்பிக்கு இரண்டு பெண்கள், ஒரு சாப்பாட்டுக் கடை. ஆகவே திருகோணமலையில் இறங்குதுறைக்குப் போகிற வீதியில் இருந்த அந்தக் கடையின் நடுவில் சுவர் எழுப்பி, வலப்பக்கத்தை எனக்கும் இடப்பக்கத்தைத் தங்கச்சி பஸ்மியாவுக்கும் எழுதினார். மேசன் அளவு நாடாவைப் பிடிக்க, வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு விரற்கடைகூட அங்கே இங்கே போகவில்லை. சுவரில் ஓர் ஆள் புகுந்து போகிற அளவுக்கு வாசல் ஒன்று விடச் சொன்னார். கதவு வேண்டாமா என்று கேட்ட மேசனுக்கு நல்ல ஏச்சு விழுந்தது.

"கூடப்பிறந்ததுக்கும் கூடப்பிறந்ததுக்கும் நடுவில என்ன கதவு?"

அந்த வாசலால் தேங்காய் போகும், உப்பு வரும். ஒரு சுண்டு அரிசி போனால் இரண்டொரு நாளில் ஒரு சுண்டு அரிசி திரும்பி வரும். நாங்கள் கேட்பதுமில்லை, ஞாபகப்படுத்துவதுமில்லை. வாப்பா மௌத்தான பிறகு "பஹ்மியா ஹோட்டல்", "பஸ்மியா ஹோட்டல்" என்று இரண்டு போர்டு மாட்டினோம். ஹோட்டல் என்றால் படுக்கை கிடையாது. இடியப்பம், புட்டு, சம்பல், மீன் ஆணம், பின்னேரத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும். சமையல் இரண்டு பேருக்கும் உம்மா படிப்பித்தது. கண்ணைக் கட்டிவிட்டு வாயில் வைத்தால் எது யார் சம்பல் என்று எங்களுக்கே தெரியாது. வெளியே மட்டும் நான் அதை ஒத்துக்கொள்வதில்லை.

சனம் இருந்த காலத்தில் இரண்டு கடையும் நிரம்பியது. காலையில் மீன் ஏலம் முடித்து வருகிறவர்கள், துறைமுகத்து வேலையாட்கள், அரசாங்க அலுவலுக்காகக் கச்சேரிக்குக் காகிதத்தோடு வந்து நிற்கிறவர்கள், சீசன் என்றால் உல்லாசப் பயணிகளோடு நிலாவெளிக் கடற்கரைக்குப் போகிற வான்கள். பிறகு விலைவாசி ஏறியது. சனம் வீட்டிலிருந்தே பார்சல் கட்டிக்கொண்டு வரத் தொடங்கியது. சரி, கூட்டம் பாதியானால் எனக்குக் கால், அவளுக்குக் கால் என்று நான் கணக்குப் போட்டேன்.

அப்படி நடக்கவில்லை. இருந்த சனம் முழுவதும் பஸ்மியாவின் பக்கம் போய் உட்கார்ந்தது.

வருகிறவர் வீதியில் நின்று முதலில் என் கடையைப் பார்ப்பார். என் புருசன் சஜீத் ஒரு கதிரையில் பேப்பரோடு இருப்பார். பிறகு அடுத்த கடையைப் பார்ப்பார். பத்துத் தலை தெரியும். பேசாமல் அங்கே போய்விடுவார். தப்பித் தவறி என்னிடம் வந்து உட்கார்ந்தவரும் சுவர் வாசலால் கேட்கிற கோப்பைச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் கை கழுவப் போகிறவர்போல எழும்பி, அந்த வாசலால் அப்படியே அந்தப் பக்கம் போய்விடுவார். டவுனில் திரிகிற மான் ஒன்று எங்கள் வாசலுக்கு வாழைப்பழத் தோலுக்கு வருவது வழக்கம். அதுவும் இடப்பக்கம் மாறியது.

நான் என்ன செய்யவில்லை? தேத்தண்ணிக்குக் கறுவாப்பட்டை போட்டேன். மேசை விரிப்பு மாற்றினேன். லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி நாலு மூலைக்கும் தெளித்தேன். சஜீத்தின் சொந்தக்காரர்கள், தங்கச்சி ஏதோ செய்வினை செய்திருக்கிறாள் என்று காதில் ஊதினார்கள். அவளுக்கு அதற்கு எங்கே நேரம், கடையில்தான் அவ்வளவு சனமே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனாலும் இரவில் படுக்கும்போது, என்னுடைய கையில் என்ன குறை வந்தது என்று யோசித்து யோசித்து எனக்கு எரிச்சல் வந்தது. கை நீட்டிச் சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை. அவள் ஒரு பிழையும் செய்யவில்லை.

பிறகு சஜீத் ஏஜென்சிக்குப் போய்வந்தார். கத்தாருக்கு மறுபடியும் ஆள் எடுக்கிறார்களாம்.

முதல் தடவை அவர் போனபோது எங்கள் மகள் ஷிஃபானா கைப்பிள்ளை. அவர் திரும்பி வந்த அன்று அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்து நின்று, "உம்மா, இந்த மாமா எப்ப போவார்?" என்று கேட்டாள். மனுசன் கேட்காததுபோலச் சூட்கேசைத் திறந்து பொம்மையைத் தேடினார். வெகுநேரம் தேடினார். பொம்மை மேலேயே இருந்தது. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஏலாது. கடை நிரம்பினால் அவர் இருப்பார். இல்லாவிட்டால் போவார். எனக்கு வேறு கவலை இல்லை.

இந்தச் சமயத்தில் எங்கள் தலைக்கு மேலே ஒருவர் எதையோ குலுக்கிக்கொண்டிருந்தார்.

மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர் ரஜீவன். கம்பஸில் பௌதீகவியல் படிப்பிக்கிறவர். நல்ல மனிதர், புட்டுக்கு மேலே புட்டு கேட்க மாட்டார். ஆனால் அறையில் ஒரு மெசின் வைத்திருந்தார். அது ஓடினால் என் கடையில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். ஒரு நாள் காலையில், வெறுங்கடையில் தம்ளர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாமல், சண்டைக்கென்றே மேலே ஏறினேன்.

"சேர், உங்களுக்குச் சம்பளம் தாறது குலுக்குறதுக்கா?"

"ஓம் அக்கா," என்றார்.

சண்டை அத்தோடு முடிந்துவிட்டது.

மெசினுக்கு மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி. நடுவில் ஒரு தடுப்பு, தடுப்பில் ஒரு ஓட்டை. உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள். அவர் குமிழைத் திருப்பினார். மெசின் பலமாகக் குலுங்க, மணிகள் இரண்டு பக்கமும் அடுப்பில் பொரிகிற கடுகுபோலத் துள்ளின. இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் ஒரே அளவு.

"இப்ப குலுக்கலைக் குறைக்கிறன். பாருங்கோ."

குறைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் குறைத்தார். மணிகள் ஒரு மாதிரி அலைபாயத் தொடங்கின. கொஞ்ச நேரம் இடப்பக்கம் கூடும், பிறகு அது குறைந்து வலப்பக்கம் கூடும். எந்தப் பக்கம் என்று அவற்றுக்கே தெரியாததுபோல இருந்தது. அவர் ஒரு மயிரிழை குறைத்தார். இடப்பக்கம் கூடியது. கூடியது குறையவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கத்து மணிகள் ஒவ்வொன்றாக ஓட்டையால் தாவித் தாவி அங்கே போய் விழுந்தன. கடைசியில் வலப்பக்கத்தில் இரண்டு மூன்று மணி மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அது என் கடை.

"ஏன் சேர்? இடப்பக்கத்தில என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை அக்கா. ரெண்டும் ஒரே அளவு, ஒரே கண்ணாடி."

"அப்ப ஏன் போகுது?"

"ஒரு மணி இன்னொண்டோட மோதினால் கொஞ்சம் களைச்சுப் போகும். கூட்டத்துக்குள்ள விழுந்தால் கன தரம் மோதும், நல்லாய்க் களைச்சுப் போகும், பிறகு எழும்பி ஓட்டை மட்டத்துக்குத் துள்ள ஏலாது. அங்கயே கிடக்கும். தனிய நிக்கிறது மோதாது. களைக்காது. உயரத் துள்ளும். துள்ளித் துள்ளி எப்பவோ ஒருக்கா ஓட்டையால அந்தப் பக்கம் விழும். விழுந்தால் சரி."

"பலமாக் குலுக்கினா?"

"பலமாக் குலுக்கினால் களைச்சதும் எழும்பும். ரெண்டு பக்கமும் சமன். குறைச்சுக்கொண்டு வர வர, ஒரு இடத்தில சடாரெண்டு மாறும். கொஞ்சம் கொஞ்சமா மாறாது. தண்ணி ஐஸாகிற மாதிரி. அந்த இடத்துக்குக் கிட்டப் போகேக்கதான் இந்த அலைபாய்ச்சல். என்ர வேலை முழுக்க அந்த அலைபாய்ச்சலில்தான்."

"எந்தப் பக்கம் சேரும் எண்டு ஆர் சொல்றது?"

"ஒருத்தரும் சொல்றேல்லை. அந்த நேரத்தில எந்தப் பக்கம் தற்செயலா ரெண்டு மணி கூட இருக்கோ, அந்தப் பக்கம்."

நான் அந்தப் பெட்டியைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். செய்வினையும் இல்லை, கண்ணூறும் இல்லை, என் கையில் குறையும் இல்லை. தற்செயலாக இரண்டு பேர் கூட இருந்திருக்கிறார்கள். ஓதின தண்ணீரைத் தெளித்து நனைந்துபோன கோதுமை மா மூட்டையை நினைத்தால் வயிறு எரிந்தது. ஆனால் எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது.

"சேர், அந்த அலைபாயிற நேரத்தில நாங்க ரெண்டு மணியைக் கையால எடுத்து மற்றப் பக்கம் போட்டா?"

"அந்தப் பக்கம் போகும்," என்றார். பிறகு, "ஆனால் அது பரிசோதனையில கள்ளம்," என்றார்.

எனக்குப் பரிசோதனை இல்லை. கடைதான் இருந்தது. கிண்ணியாவில் சஜீத்தின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள், உட்கார்ந்திருப்பதில் அனுபவசாலிகள். அவர்களை வரவழைத்து வாசலுக்கு நேரே இருத்தினேன். சாப்பாடு தரமாட்டேன், பிளேன்டீ மட்டும், சிரித்துப் பேச வேண்டும், ஒருவரும் வாசலால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். அவர்கள் பேப்பரை ஆறாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சஜீத் ஏஜென்சிக்குப் பதில் சொல்ல ஒரு கிழமை, ஏழு நாள் தவணை வாங்கினார்.

முதல் நாள் ஒன்றுமில்லை. அடுத்த நாள் புட்டு கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் கச்சேரிக் கூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்து மீன்காரர்கள். கிழமை முடிவதற்குள் என் கடையில் கதிரை போதாமல் கிண்ணியாக்காரர்களை எழுப்பிவிட வேண்டி வந்தது. ஆறு பேரும் கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் போனார்கள். மேலே இருந்து ரஜீவன் இறங்கிவந்து வாசலில் நின்று என் கடையையும் அடுத்த கடையையும் மாறிமாறிப் பார்த்தார். தன் பிள்ளை பாஸானதுபோல ஒரு முகம்.

சஜீத் ஏஜென்சிக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். அன்று நான் சம்பலுக்குக் கூட ஒரு தேங்காய் துருவினேன். பஸ்மியாவின் பக்கம் வெறுமையாகிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் சந்தோசமாக இருந்தேன். சந்திப் பக்கம் இருக்கிற கடைதானே, அவளுக்கு ஆள் வரும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் வாசலால் எட்டிப் பார்த்து, "ராத்தா, கோப்பை போதாட்டி என்ட கோப்பையை எடுங்க," என்றாள். எடுத்தேன். அவளிடம் அவை சும்மாதான் கிடந்தன.

மான் திரும்பி வந்துவிட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். பஸ்மியாவின் புருசன் றிப்திக்குக் கத்தார் விசா வந்தது என்று சஜீத் வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. றிப்தி மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் ஏறினாலே தலை சுற்றுகிற ஆள். ஒரு தடவை கொழும்பில் நாலு நாள் நின்றுவிட்டு, ஊருக்குக் கிட்ட சீனக்குடாச் சந்தியைக் கண்டதும் பஸ்ஸுக்குள்ளே அழுதவன். அவர்களுடைய மகன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். சிரிப்புப் பாதியில் நின்றது. கையைக்கூடத் துடைக்காமல் வாசலால் அந்தப் பக்கம் போனேன்.

அவளுடைய கடையில் ஒருவரும் இல்லை. பஸ்மியா ஒரு மேசையில் இருந்து றிப்தியின் சேட்டுக்கு அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லலையே."

"நாளைண்டைக்குப் போறார் ராத்தா. சொல்லத்தான் இருந்தனான்."

அதுவரை நான் செய்ததை அவளிடம் மறைத்திருந்தேன். அன்று முடியவில்லை. கிண்ணியாவிலிருந்து ஆள் கொண்டுவந்து இருத்தினது, மேல் மாடிப் பெட்டி, மணி, ஓட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் கோபிப்பாள், நான் பதிலுக்குக் கத்தலாம் என்றிருந்தேன். அவள் ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்த ஆறு பேரையும் கண்டா சனம் வரும்? பேப்பருக்குப் பின்னால கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தாங்க. உங்கட பக்கம் ஆரோ மௌத்தாம் எண்டு என்னட்ட வந்து விசாரிச்சவங்க."

"அப்ப சனம் எப்பிடி வந்தது?"

"நான் அனுப்பினனான்."

விளங்கவில்லை. அவள் ஊசியை மறுபடியும் எடுத்தாள்.

"ஷிஃபானா இஞ்ச வந்து அழுதாள். வாப்பா திரும்பவும் போகப்போறார், திரும்பி வரேக்க எனக்கு அடையாளம் தெரியாமப் போனா என்ன செய்யுற சாச்சி எண்டாள். நான் என்ன செய்ய? வந்த ஆக்களிட்ட புட்டு முடிஞ்சி, ராத்தாட பக்கத்தில இருக்கெண்டு சொல்லி அந்த வாசலால அனுப்பினன். பானையை மூடி வைச்சிட்டுத்தான்."

"இவ்வளவு சனத்தையும் சேர்த்தா அனுப்புவாய்?"

"நாலு நாளைக்கெண்டுதான் அனுப்பினன் ராத்தா. அரிசி தாற மாதிரித்தானே. பிறகு தானா வரும் எண்டு நினைச்சன்."

வரவில்லை. அரிசி திரும்பி வரும், சனம் வராது. அதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லித்தரக்கூடிய ஆள் அவள் தலைக்கு மேலேயே குடியிருந்தார், ஆனால் அவளுக்குச் சண்டைக்கு மேலே ஏறுகிற குணம் இல்லை. எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது. இரண்டும் செய்யாமல், வாங்கின கோப்பைகளைக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடனைத் திருப்பித்தானே கொடுக்க வேண்டும். அடுத்த நாள் காலையிலிருந்து அனுப்பத் தொடங்கினேன். புட்டு முடிந்தது என்றேன். பரவாயில்லை, இடியப்பம் தாங்க என்றார்கள். இடியப்பமும் இல்லை என்றேன். இருந்து பார்ப்போம் என்றார்கள். மீன் ஆணத்தில் உப்பைக் கூட்டினேன். இன்றைக்கு ஆணம் நல்ல ருசி என்று ஒருவர் தண்ணீருக்கு மேல் தண்ணீர் குடித்துக்கொண்டு சொன்னார். பொறுமை போய்விட்டது. அகப்பையோடு வெளியே வந்து, உங்களுக்கெல்லாம் கண் தெரியாதா, பக்கத்தில் ஒரு கடை வெறுமையாக இருக்கிறது, எழும்பிப் போங்கள் என்று சத்தம் போட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீதியில் போன இரண்டு பேர், உள்ளே என்ன சத்தம் என்று பார்க்க வந்து, அப்படியே உட்கார்ந்து தேத்தண்ணிக்குச் சொன்னார்கள்.

பின்னேரம் நான் மேலே போனேன். ரஜீவன் பெட்டிக்கு முன்னால் இருந்தார். மணி எல்லாம் வலப்பக்கம் குவிந்து கிடந்தது.

"சேர், தங்கச்சி தள்ளினா வருது, நான் தள்ளினாப் போகுதில்லையே?"

முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் விழுந்தது. அந்த அலைபாய்ச்சலைப் பற்றி அவர் எங்கேயோ பேசப் போவதாக இருந்தாராம், இரண்டு கடையையும் ஓர் உதாரணமாக வைத்து.

"அப்ப அது தற்செயல் இல்லை," என்றார்.

"இல்லை. என்ட தங்கச்சி."

பெட்டிக்குள் குவிந்த மணிகளைக் காட்டினார். "அண்டைக்குச் சனம் அலைபாயிற இடத்துக்குக் கிட்டத்தான் இருந்தது அக்கா, மெல்லமாத் தள்ளினால் போதும். இப்ப குலுக்கல் இன்னும் குறைஞ்சு போச்சு, இறுகிட்டுது. நீங்கள் நாலு மணியை எடுத்து அந்தப் பக்கம் போட்டாலும் அது திரும்பித் துள்ளி இஞ்சதான் வரும். குலுக்கல் கூட வேணும். அது எங்கட கையில இல்லை."

குலுக்கலைக் கூட்டுகிற குமிழ் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும். விலை குறைய வேண்டும், சீசன் நன்றாக நடக்க வேண்டும், வான்கள் வர வேண்டும். றிப்தி நாளைக்குப் போகிறான்.

நான் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்துக் குவியல். எவ்வளவு ஏசினாலும் போகாத, உப்பைக் கூட்டினாலும் போகாத மணிகள். எனக்கு என்ன வந்ததோ, இரண்டு கையாலும் அந்தப் பெட்டியைத் தூக்கி, அப்படியே சுற்றித் திருப்பி வைத்தேன். குவியல் இப்போது இடப்பக்கம் இருந்தது.

"அக்கா, அது ஏமாத்து," என்றார் ரஜீவன். "மணி ஒண்டும் அசையேல்லையே."

"அசைய வேணாம் சேர்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பஸ்மியா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வருகிறதில் பாதி தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சும்மா இருந்து வாங்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது ராத்தா என்றாள். அது எனக்கும் தெரியும், நான் அவளிடத்தில் இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

"அப்ப நீ என்ட குசினிக்கு வா. நான் உன்ட குசினிக்குப் போறன். சனம் இருக்கிற இடத்தில இருக்கட்டும், நாங்க மாறுவோம். பிறை கண்டா நான் திரும்பி வாறன், அடுத்த பிறைக்கு நீ. உழைக்கிற ஆளுக்கு உழைக்கிற காசு."

"அவர் நாளைக்குப் போறாரே ராத்தா. இப்ப என்னத்துக்கு?"

"போறவர் போகட்டும். நீ அடுப்பைத் தூக்கு."

மூத்தவள் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே பிரயோசனம் அதுதான். சஜீத்திடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "கத்தாரை விடப் பக்கத்துக் கடை கிட்டத்தானே," என்றுவிட்டு அம்மியைத் தூக்கினார்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மாறினோம். பானை, சட்டி, அகப்பை எல்லாம் வாசலால் போய்வந்தன. போர்டைத் தொடவில்லை. விடிந்ததும் வலப்பக்கத்துக்கு வழக்கம்போலச் சனம் வந்தது. முன்னால் சஜீத்துக்குப் பதிலாக றிப்தி நின்றதை ஒருவர் கவனித்தார்.

"சஜீத் எங்க?"

"அந்தப் பக்கம்," என்றான் றிப்தி.

"ஆ," என்றார் அவர். "சம்பல் கொஞ்சம் கூடப் போடுங்க."

ஒரு சீவனும் எழும்பி இந்தப் பக்கம் வரவில்லை. அவர்கள் வந்தால் சந்தோசப்படுவேனா, வராவிட்டால் சந்தோசப்படுவேனா என்று எனக்கே தெரியாமல் வாசலருகில் நின்றேன். இத்தனை வருசம் என் கைப்பக்குவத்துக்கு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், தங்கச்சியின் சம்பலை வழித்து நாக்கில் வைத்துவிட்டு, "பஹ்மியாட கை பஹ்மியாட கைதான்," என்றார். குசினியிலிருந்து பஸ்மியா அதைக் கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் பார்த்தாள். எனக்கு எரிந்தது.

பகல் சாப்பாட்டுக்கும் கூட்டம். அஸர் தொழுகைக்குப் பிறகு விமான நிலையத்துக்குப் போகிற வான் வந்து வீதியில் நின்றது. றிப்தியின் சூட்கேஸ் இந்தப் பக்கம் எனக்கருகில் ஒரு கதிரையில் இருந்தது. அதற்கு மேலே பொத்தான் தைத்த சேட்டு. அந்தப் பக்கத்தில் தேத்தண்ணிக்கு ஆட்கள் நிறைந்து, இரண்டு பேர் தூணில் சாய்ந்து நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். றிப்தி ஒரு கையில் ரோல்ஸ் தட்டும் மறு கையில் நாலு தம்ளருமாக ஓடிக்கொண்டிருந்தான். வான் ஹோர்ன் அடித்தது. பிறகும் அடித்தது. பஸ்மியா குசினி வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வான்காரர் இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"தம்பி, நேரம் போகுது."

றிப்தி தட்டை வைக்க இடம் தேடினான். மேசையில் இடம் இல்லை. ஒருவர் பால்தேத்தண்ணி கேட்டார், இன்னொருவர் தான் முதலே கேட்டதாகச் சொன்னார். றிப்தி பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை அவனுடைய கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வர ஏலாது," என்றான் றிப்தி வான்காரரிடம். "ஆக்கள் நிக்கிறாங்க."

வான்காரர் வீதிக்கு இறங்கி இரண்டு கடையையும் பார்த்தார். என் பக்கத்தில் எல்லாக் கதிரையும் சும்மா இருந்தது, ஒன்றில் சூட்கேஸ். அவர் மறுபடியும் வலப்பக்கத்துக்குள் நுழைந்து, தூணில் சாய்ந்து நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், ஒரு தேத்தண்ணிக்குச் சொன்னார். றிப்தி தம்ளரைக் கழுவி அவருக்கு ஊற்றினான்.

சஜீத் மகளை ஓதல் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தார். நான் அவளுடைய குசினியில், அவளுடைய அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதேன். ஒருவரும் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தில் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை.